ரேடியம் ஜாக்கெட் வாங்க ஒரு இஞ்ச் டேப், ஒரு டார்ச் லைட்

கேள்வி: பெருந்துறைப் பக்கம் பைப்லைன் வேலை எடுத்துச் செய்கிறேனுங்க. ஆட்கள் 30 பேர். பாதி வேலை சேலம்–கொச்சி பைபாஸ் ஓரத்தில், அதுவும் ராத்திரியில். போன மாதம் ஒரு கடையில் ஜாக்கெட் 70 ரூபாய் என்று மொத்தமாக வாங்கிக் கொடுத்தேன். மெயின் கம்பெனி சேஃப்டி ஆபீசர் ஒன்றைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இது செல்லாது” என்று அத்தனையையும் திருப்பிவிட்டார். கடைக்காரரோ “எல்லாம் சர்டிஃபிகேட் மால்தான்” என்கிறார். எதைப் பார்த்து வாங்குவது? கடைக்காரர் மேல் வழக்குப் போடலாமா?

பதில்: அவர் புரட்டிப் பார்த்தது உள்பக்க லேபிளாகத்தான் இருக்கும். 70 ரூபாய் ஜாக்கெட்டில் பெரும்பாலும் சைஸ் மட்டும் போட்டிருப்பார்கள்.

ரேடியம் ஜாக்கெட் என்று சொல்கிறோமே தவிர அதில் ரேடியம் துளியும் கிடையாது. ராத்திரி மின்னுகிற எல்லாமே நமக்கு ரேடியம்தான், இருக்கட்டும். அந்த ஜாக்கெட்டில் இரண்டு சமாச்சாரம் தனித்தனியாக வேலை செய்கிறது. பச்சைமஞ்சள் அல்லது ஆரஞ்சுத் துணி பகலுக்கு. வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிரையும் வாங்கிக் கண்ணுக்குத் தெரியும் நிறமாகத் திருப்பிக் கொடுப்பதால், சாதாரண மஞ்சளைவிடப் பளிச்சென்று அடிக்கும். மழை மூட்டத்திலும் பொழுது சாயும் நேரத்திலும்கூட எடுபடும். இருட்டிவிட்டால் அதன் வேலை முடிந்தது. ராத்திரிக்கு வெள்ளி நிற டேப். அதில் பொடிப்பொடியான கண்ணாடி மணிகளோ, நுண்ணிய பட்டகங்களோ இருக்கும். ஹெட்லைட் வெளிச்சம் எங்கிருந்து வந்ததோ அங்கேயே திரும்பிப் போகும். லாரி டிரைவரின் கண் ஹெட்லைட்டுக்குக் கொஞ்சம் மேலேதான் இருக்கிறது, அதனால் அவருக்குப் பளீரென்று தெரியும். உங்கள் ஆட்கள் பகலிலும் நிற்கிறார்கள், ராத்திரியிலும் நிற்கிறார்கள், ஆக இரண்டும் சரியாக இருக்க வேண்டும்.

லேபிளில் தேட வேண்டிய எண், இந்தியத் தரம் என்றால் ஐ.எஸ். 15809. வெளிநாட்டுக் கம்பெனிகள் கேட்பது ஈ.என். ஐ.எஸ்.ஓ. 20471. எண் மட்டும் இருந்தால் போதாது. ஜாக்கெட் படம் ஒன்று போட்டு அதன் பக்கத்தில் 1, 2, 3 என்று வகுப்பு எண் இருக்கும், அதுதான் முக்கியம். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால் கூடவே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். அதை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் அடித்துப் பார்த்தால் யாருக்கு, எந்தப் பொருளுக்கு உரிமம் என்று வந்துவிடும். கடையில் நின்றுகொண்டே, பணம் கொடுப்பதற்கு முன்னால் பாருங்கள்.

லேபிளை நம்புவதா என்று சந்தேகம் வந்தால் தையல்காரர் இஞ்ச் டேப்பை எடுங்கள். 20471 தரப்படி 2-ம் வகுப்புக்குப் பளிச்சென்ற துணி 0.50 சதுர மீட்டரும், வெள்ளி டேப் 0.13 சதுர மீட்டரும் குறைந்தபட்சம் வேண்டும். டேப் அகலம் 5 செ.மீ., அதாவது ரெண்டு இஞ்ச். அப்படியானால் ஒரு ஜாக்கெட்டில் மொத்தம் 2.6 மீட்டர் டேப் ஓடியிருக்க வேண்டும். 3-ம் வகுப்புக்குத் துணி 0.80, டேப் 0.20 சதுர மீட்டர், ஆக 4 மீட்டர் டேப். இடுப்பைச் சுற்றி ஒரு இஞ்ச் பட்டை, தோளில் ரெண்டு கோடு என்று வருகிற வலை ஜாக்கெட் இந்தக் கணக்குக்குப் பக்கத்தில்கூட வராது. அந்த வலையும் கரூர் கொசுவலை மாதிரி இருந்தால் பகலில் தெரிவதற்குத் துணி எங்கே இருக்கிறது?

பட்டை உடம்பைச் சுற்றி வர வேண்டும். 5 செ.மீ.க்கு மேல் இடைவெளி கூடாது. பக்கவாட்டில் வெறும் எலாஸ்டிக் கயிறு மட்டும் கட்டி விட்டிருந்தால், ஆள் பக்கவாட்டில் திரும்பி நிற்கும்போது டிரைவருக்குத் தெரிவது இருட்டுதான்.

வண்டிகள் 60 கி.மீ. வேகத்துக்கு மேல் ஓடும் இடத்தில் நிற்பவருக்கு 3-ம் வகுப்பு. உங்கள் பைபாஸ் ஆட்களுக்கு அதுதான். இங்கே ஒரு ஏமாற்று உண்டு: கை இல்லாத ஜாக்கெட்டில் “கிளாஸ் 3” என்று போட்டு விற்பார்கள். கையோ, பட்டை போட்ட முழுக்கால் பேன்ட்டோ சேராமல் 3-ம் வகுப்பு கிடையாது. அந்த லேபிளைப் பார்த்தால் அந்தக் கடையில் வேறெதுவும் வாங்க வேண்டாம் என்பது என் கட்சி.

அப்புறம் டார்ச். ஷட்டரைப் பாதி இறக்கச் சொல்லி, பத்துப் பதினைந்து அடி தள்ளி ஜாக்கெட்டைத் தொங்கவிடுங்கள். டார்ச்சைக் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்து அடித்தால் டேப் வெள்ளையாய்த் தெறிக்க வேண்டும். அதே டார்ச்சைக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்தால் மங்க வேண்டும். கன்னத்தில் வைத்து அடித்தும் சாம்பலாகவே இருந்தால் அது வெறும் வெள்ளிப் பூச்சு. இது தரச் சோதனை ஆகாது, ஆனால் போலியை வடிகட்டிவிடும்.

நிறம் இடத்தைப் பொறுத்தது. மஞ்சள் ஜே.சி.பி. பக்கத்தில் நிற்பவருக்கு ஆரஞ்சு. பொள்ளாச்சித் தென்னந்தோப்பு ரோட்டிலும் ஆரஞ்சுதான், பச்சைமஞ்சள் அங்கே இலையோடு இலையாகப் போய்விடும்.

வழக்கு விஷயம்: 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்கு வாங்கியவரை நுகர்வோராக எடுத்துக்கொள்வதில்லை. சுயதொழிலில் பிழைப்புக்காகவே வாங்கியவருக்கு விலக்கு உண்டு. 30 ஆள் வைத்திருக்கும் உங்களிடம் எதிர்த் தரப்பு முதலில் இதைத்தான் பிடிக்கும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிட்டுக் கேட்டுப் பார்க்கலாம். அடுத்த முறை ஆர்டரிலும் பில்லிலும் தர எண்ணையும் வகுப்பையும் எழுதி வாங்கிவிடுங்கள். “சேஃப்டி ஜாக்கெட் – 30” என்று மட்டும் இருக்கிற பில்லை வைத்து அந்தக் கடைக்காரரை நீங்கள் எதுவும் கேட்க முடியாது.

கேள்வி: திருப்பூரில் தையல் யூனிட் வைத்திருக்கிறோம். தம்பி ரோடு காண்ட்ராக்ட் செய்கிறான். துணியும் நம்மிடம், மெஷினும் நம்மிடம். டேப் ரோல் வாங்கி நாமே தைத்துக் கொடுத்தால் ஆகாதா?

பதில்: தையலில் உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சிக்கல் துணியில். திருப்பூருக்குக் கைவந்தது காட்டன். இந்தப் பளிச் மஞ்சள் சரியாக ஏறுவது பாலியஸ்டரில். காட்டனில் நியான் சாயம் ஏற்றினால் கண்ணுக்கு நன்றாகத்தான் இருக்கும், ஆனால் தரம் கேட்கும் நிற அளவைத் தொடுவதும், வெயிலில் அது நிற்பதும் கஷ்டம். சோதனை முடிந்த துணி, சோதனை முடிந்த டேப் இரண்டையும் வாங்கித் தைத்தாலும், ஜாக்கெட்டாக ஆனபிறகு அதற்கும் சான்று வேண்டும். சான்று இல்லாமல் லேபிளில் எண் போடுவது குற்றம். கிடங்குக்குள் சரக்கு எண்ண வந்து போகிறவர்களுக்கு என்றால் தைத்துக்கொள்ளுங்கள், ரோட்டில் நிற்கும் தம்பி ஆட்களுக்கு வேண்டாம். ஒன்று மட்டும் நீங்களே செய்யலாம்: கம்பெனிப் பெயர் பிரின்ட். அதையும் சின்னதாக, டேப்பைத் தொடாமல். முதுகு முழுக்கப் பெயர் அடித்தால் அந்த அளவுக்குப் பளிச் துணி குறைந்துவிடும்.

கேள்வி: திருச்செங்கோடு. ரிக் வண்டி ரெண்டு ஓடுகிறது. ராத்திரி ரோட்டோரம் போர் போடும்போது பசங்களை ஜாக்கெட் போடச் சொன்னால், வேகிறது, ராடில் மாட்டும் என்கிறார்கள். சாக்குச் சொல்கிறார்களா?

பதில்: வேகிறது என்பதில் கொஞ்சம் சாக்கு இருக்கலாம், மாட்டும் என்பது உண்மை. சுற்றுகிற ராடில் தொளதொள ஜாக்கெட்டின் ஓரம் சிக்கினால் ஆளையும் சேர்த்து இழுத்துவிடும். ஜிப் வைத்தது வேண்டாம். தோளிலும் பக்கவாட்டிலும் முன்னாலும் வெல்க்ரோ வைத்து, இழுத்தால் பிரிந்து கையோடு வந்துவிடுகிற மாதிரி ஜாக்கெட் இருக்கிறது, அதை உடம்புக்குச் சரியான சைஸில் வாங்குங்கள். எல்லோருக்கும் எக்ஸ்.எல். வாங்கும் வழக்கத்தை விடுங்கள். வாங்கிய அன்றே ஒருவருக்கு மாட்டிவிட்டு இழுத்துப் பாருங்கள், பிரியாத வெல்க்ரோவும் சந்தையில் இருக்கிறது. புழுக்கத்துக்கு, தரச்சான்றோடு வரும் நெருக்கமான பின்னல் துணி ஜாக்கெட் கேளுங்கள்.

கேள்வி: கோவை கணபதியில் ஃபவுண்டரி வேலை. ஜாக்கெட்டுக்கு என்று சம்பளத்தில் 250 ரூபாய் பிடித்துவிட்டார்கள். இது சரியா?

பதில்: சரியில்லை. பாதுகாப்புக்காகக் கொடுக்க வேண்டிய சாதனத்துக்குத் தொழிலாளியிடம் காசு வாங்கக் கூடாது என்று 1948-ம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்தின் 114-வது பிரிவு சொன்னது. 2020-ல் வந்த தொழில்சார் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. சம்பளச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு முதலில் எழுத்தில் கேளுங்கள். அதைவிட அவசரமானது ஒன்று: அது சாதாரண பாலியஸ்டர் என்றால் உலை பக்கம், உலோகம் ஊற்றும் இடத்தில் போட்டுக்கொண்டு நிற்காதீர்கள். தீப்பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். அங்கே தீ தாங்கும் துணியில் செய்ததுதான் வேண்டும்.

கேள்வி: கரூர். ஒரு ஜாக்கெட் எத்தனை நாள் வரும்? எப்படித் துவைப்பது?

பதில்: நாள் கணக்கு இல்லை, துவைப்புக் கணக்கு. லேபிளில் 25 துவைப்பு என்கிற மாதிரி உச்ச அளவு போட்டிருப்பார்கள். உள்பக்கம் வெளியே வரத் திருப்பி, சாதாரண சோப்புத்தூளில் அலசுங்கள். பிளீச் கூடாது, டேப் மேல் பிரஷ் கூடாது, இஸ்திரி கூடாது. நிழலில் காயப்போடுங்கள். கிரீஸ் ஏறி, துவைத்தும் போகவில்லை என்றால் துவைப்புக் கணக்கு பாக்கி இருந்தாலும் மாற்றிவிட வேண்டியதுதான். வாங்கும்போதே ஒன்றைப் பிரிக்காமல் ஆபீஸ் பீரோவில் வைத்துவிடுங்கள். மாதம் ஒருமுறை ஓடுகிற ஜாக்கெட்டை அதன் பக்கத்தில் வைத்து, பகலில் ஒருமுறை, ராத்திரி டார்ச்சில் ஒருமுறை பார்த்தால் எது கழிய வேண்டும் என்று உங்களுக்கே தெரியும்.