மதர்போர்டு மாற்றும்போது கேபினெட்டின் சின்ன ஒயர்களை எங்கே செருகுவது?

ரிச்சி தெருவில் பழைய போர்டு வாங்கினேன், மேனுவல் இல்லை, முன்பக்க ஒயரைத் திருப்பிச் செருகினால் போர்டு போய்விடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகாது. பவரும் ரீசெட்டும் வெறும் சுவிட்சுகள். எப்படித் திருப்பிச் செருகினாலும் வேலை செய்யும். எல்இடிக்குத்தான் பிளஸ், மைனஸ் உண்டு. மாறினால் விளக்கு எரியாது, அவ்வளவுதான்.

முதலில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் போர்டில் 5 வோல்ட் ஓடிக்கொண்டிருக்கும்.

போர்டின் கீழ் ஓரத்தில், பெரும்பாலும் வலது மூலையில், இரண்டு வரிசையாக 9 பின்கள் இருக்கும். பத்தாவதின் இடம் காலி. அந்தக் காலியிடம் வலது கோடியில் வரும்படி பாருங்கள். 4 பின் வரிசையில் இடமிருந்து முதல் இரண்டு பவர் எல்இடி, அடுத்த இரண்டு பவர் சுவிட்ச். 5 பின் வரிசையில் முதல் இரண்டு ஹார்டு டிஸ்க் எல்இடி, அடுத்தவை ரீசெட், கடைசி பின் சும்மா. எல்இடிகளுக்கு இடது பின்தான் பிளஸ். இப்போது வரும் பெரும்பாலான போர்டுகளில் இதுதான் வரிசை. ஆனாலும் பின்களுக்குப் பக்கத்தில் போர்டில் அச்சிட்டிருப்பதை மொபைல் டார்ச் அடித்துப் படித்துவிடுங்கள். போர்டு மேலேயே மாடல் எண் இருக்கும். அதை வைத்துத் தயாரித்த கம்பெனியின் தளத்தில் மேனுவலை இலவசமாக எடுக்கலாம்.

உண்மையில் கவனம் தேவைப்படுவது யூஎஸ்பி ஒயருக்குத்தான். ஆடியோ பின்னும் அதே அளவில் இருக்கும், காலியிடம் மட்டும் வேறு. உள்ளே போகவில்லை என்றால் அழுத்தாதீர்கள்.

எல்லாம் செருகியும் ஆன் ஆகவில்லையா? பிளக்கை மாட்டி, ஸ்க்ரூ டிரைவர் நுனியால் பவர் சுவிட்ச் பின் இரண்டையும் ஒரு நொடி சேர்த்துத் தொடுங்கள். ஃபேன் சுற்றினால் கோளாறு கேபினெட் பட்டனிலோ அதன் ஒயரிலோதான்.