பறிமுதல் அபினுக்கு யார் பணம் கொடுத்தது?

அன்புள்ள ஐயா,

1839-இல் சீன அதிகாரி லின் சேஷு பறிமுதல் செய்த அபினை உண்மையிலேயே அழித்தாரா, இல்லை அவருடைய ஆட்களே விற்றுவிட்டார்களா? புகைத்தது சீனர்கள். வெள்ளைக்காரனை மட்டும் குறை சொல்வது நியாயமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அழித்தார். ஹூமன் கடலோரத்தில் பெரிய குழிகள் வெட்டி, உப்புத் தண்ணீரில் அபின் உருண்டைகளை உடைத்துப் போட்டு, சுண்ணாம்பைக் கொட்டிக் கலக்கி, கரைந்ததைக் கடலில் திறந்துவிட்டார்கள். மூன்று வாரத்துக்கு மேல் நடந்த வேலை. அமெரிக்கப் பாதிரி பிரிட்ஜ்மன் நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். சரி, அதை விடுங்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விதான் கோபமூட்டுகிறது. புகைத்தவனைக் குற்றம் சொல்வது எவ்வளவு சுலபம், பாருங்கள்! வட இந்தியாவில் பாட்னாவிலும் காசிப்பூரிலும் முன்பணம் கொடுத்து, அபின் எடுக்க விவசாயியைக் கசகசா பயிரிட வைத்தது ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனி. விலையை நிர்ணயித்ததும் கம்பெனிதான். உருட்டிய அபினைப் பெட்டிக்கு நாற்பது உருண்டையாக அடுக்கிக் கல்கத்தாவில் ஏலம் விட்டதும் அதுவே. ஆனால் அபினுக்குத் தடை இருந்த சீனாவுக்குப் போகும் தன் கப்பல்களில் மட்டும் ஏற்றாது, தனியார் கடத்திக்கொள்ளட்டும் என்று ஒதுங்கிக்கொள்ளும்.

சீனத் துறைமுகமான கான்டனில் வெளிநாட்டு வியாபாரிகளை அவர்களுடைய கிடங்குகளிலேயே லின் அடைத்துவைத்தபோது, பிரிட்டிஷ் வர்த்தகக் கண்காணிப்பாளர் சார்லஸ் எலியட், அபின் வியாபாரத்தை மனதார வெறுத்தவர், என்ன செய்தார் தெரியுமா? சரக்கையெல்லாம் தன்னிடம் ஒப்படையுங்கள், பிரிட்டிஷ் அரசு பொறுப்பு என்று அறிவித்தார். சீனக் கெடுபிடியால் விற்காமல் தேங்கிக் கிடந்த சரக்கு அது. வியாபாரிகளுக்குக் கசக்குமா? 20,283 பெட்டிகள், எலியட் வழியாக லின் கைக்குப் போயின. ஒரே அறிவிப்பில் கள்ளச்சரக்கு அரசாங்கத்தின் கடனாகிவிட்டது.

லண்டன் தன் கஜானாவிலிருந்து கொடுக்கத் தயாரில்லை. சீனாவோடு போர் வந்தது, முதல் அபின் போர். 1840-இல் நாடாளுமன்றத்தில் அதைக் கண்டித்த தீர்மானம் வெறும் ஒன்பது ஓட்டில் தோற்றது. போரை முடித்த 1842 நான்கிங் ஒப்பந்தத்தின் நான்காவது பிரிவைப் படியுங்கள்: அந்த அபினின் மதிப்பாகச் சீனா 60 லட்சம் டாலர் கட்ட வேண்டும். அதுவும் எப்படி? சிறைப்பட்ட ஆங்கிலேயர்களின் உயிருக்கான மீட்புத்தொகை என்று! தன் மண்ணில் தன் சட்டப்படி பறிமுதல் செய்த விஷத்துக்கு அந்த நாடே விலை கொடுத்தது. போர்ச்செலவும் சீன வியாபாரிகளின் பழைய கடனும் சேர்த்து மொத்தம் 2 கோடியே 10 லட்சம். இதில் எங்கே தம்பி இரண்டு பக்கத் தப்பு?

வரலாறு படிக்கும் ஆர்வம் உங்களிடம் இருக்கிறது, எனக்கு அதில் சந்தோஷம். ஆனால் அடுத்த முறை கான்டனோடு நின்றுவிடாமல் காசிப்பூர் விவசாயியைப் பற்றியும் கேளுங்கள். விரிவாக எழுதுகிறேன்.