வண்டிப் பக்கம்: வி8 இறக்கியாச்சு, கியர்பாக்ஸ் தாங்க மாட்டேங்குது

கேள்வி: அண்ணே, வணக்கம். என்கிட்ட இருக்கிறது முதல் மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5, 1.8 லிட்டர் வண்டி. அதுல லெக்ஸஸ் 1யூஇசட் வி8 இறக்கி, பின்னாடி டொயோட்டா டபிள்யூ58 அஞ்சு ஸ்பீடு கியர்பாக்ஸ் மாட்டியிருக்கோம். போன மாசம் போர்ட் ஷெப்ஸ்டோன் பக்கம் டெஸி ரேஸ்வேல ரெண்டுலேருந்து மூணு தட்டினேன், டங்குன்னு ஒரு சத்தம், அப்புறம் மூணாவது கியரே இல்ல. இது ரெண்டாவது பாக்ஸ். வொர்க்‌ஷாப்காரர் ஆர்154 போடுன்றார், கூட்டாளி நிஸ்ஸான் 350இசட் பாக்ஸ்தான் பெஸ்டுன்றான், எங்க மாமா ஷெவர்லே லுமினா எஸ்எஸ் பக்கிலேருந்து (பிக்கப் வண்டி) எடுத்துப் போடுடான்றார். அடுத்த வருஷம் சூப்பர்சார்ஜர் (என்ஜினுக்குள்ள காத்தை அழுத்தித் தள்ற பம்ப்) போடுற ஐடியாவும் இருக்கு. எது உடையாது? இன்னொண்ணு, ஜோபர்க் (ஜோஹன்னஸ்பர்க்) பக்கம் லெனேசியால இருக்கிற என் மச்சான் இதே என்ஜின், இதே டபிள்யூ58 வச்சு ஜாலியா ஓட்டிட்டு இருக்கான், அவனோடது மட்டும் ஏன் உடையல?
(டர்பன் சாட்ஸ்வொர்த் வாசகர்)

பதில்: மச்சான் விஷயத்தை முதல்ல முடிச்சிடுவோம் தம்பி, ஏன்னா உங்க கேள்விக்குப் பாதி பதில் அதுலயே இருக்கு. ஜோபர்க் கடல் மட்டத்துலேருந்து ஏறக்குறைய 1,750 மீட்டர் உயரம், அங்க காத்தோட அழுத்தம் டர்பன்ல இருக்கிறதை விட ஆறுல ஒரு பங்குக்கு மேலயே கம்மி, டர்போ இல்லாத என்ஜினுக்கு மூச்சும் அதே அளவு குறையும். பழைய 1யூஇசட் கம்பெனி கணக்குப்படி 353 நியூட்டன் மீட்டர் டார்க் (சுத்துற விசை) குடுக்கும், அது லெனேசியால 295க்குக் கீழ இறங்கிடும். டபிள்யூ58ஐ டொயோட்டா டர்போ இல்லாத சூப்ரால 2ஜேஇசட் என்ஜின் பின்னாடி போட்டப்போ அது சுமந்ததும் 300க்குள்ளதான். அதாவது உங்க மச்சான் வண்டி தெரிஞ்சோ தெரியாமலோ கம்பெனி போட்ட எல்லைக்குள்ளயே ஓடுது, உங்களுது கடற்கரையில முழு மூச்சும் விட்டுக்கிட்டு எல்லைக்கு வெளிய நிக்குது. டைனோ (என்ஜின் பலத்தை அளக்கிற மெஷின்) சீட்டைக் காட்டி "எனக்கும் அதே நம்பர்தான்"னு மச்சான் சொன்னா அந்தச் சீட்டுல கரெக்‌ஷன் போட்டிருக்கான்னு பாருங்க, ஜோபர்க் டைனோல கரெக்‌ஷன் போட்டா கடல் மட்டத்துல வந்திருக்க வேண்டிய நம்பரைத்தான் பிரிண்ட் பண்ணும், கியர்பாக்ஸுக்குள்ள நிஜமா போறது அது இல்ல.

சரி, உடைஞ்சது ஏன் மூணாவது கியர்? நிறைய பேரு பல்லு "வீக்"னு சொல்லிட்டு நிறுத்திடுவாங்க. ரோட்டு வண்டி கியர்ல பல்லு சாய்வா வெட்டியிருக்கும், சத்தம் வரக்கூடாதுன்னு. லோடு ஏறும்போது அந்தச் சாய்வு ரெண்டு ஷாஃப்டையும் முன்னும் பின்னுமா தள்ளும், அதோட பல்லும் பல்லும் ஒண்ணையொண்ணு விலக்கவும் பாக்கும். முன்னாடி பேரிங்குக்கும் பின்னாடி பேரிங்குக்கும் நடுவுல எது இருக்கோ அங்கதான் ஷாஃப்ட் அதிகமா வளையும். வளைஞ்சா பல்லு முழு அகலத்துக்கும் உக்காராம ஓரத்துல மட்டும் தொடும், விரல் நகம் அகலத்துக்கு ஒரு பளபள கோடு தெரியும், அந்த மூலையிலேருந்துதான் வெடிப்பு கிளம்பும். உங்க பாக்ஸைப் பிரிச்சு வச்சிருந்தா உடையாத பல்லைத் துடைச்சுட்டு வெளிச்சத்துல திருப்பிப் பாருங்க, அந்தக் கோடு ஒரு ஓரமா ஒதுங்கியிருந்தா நான் சொன்னதுதான் நடந்திருக்கு. அதனால ஸ்ட்ராங்கான கியர்பாக்ஸ்னா வெறும் நல்ல இரும்பு மட்டும் இல்ல, ரெண்டு ஷாஃப்டுக்கும் நடுவுல தூரம் அதிகம், பல்லு அகலம், கேஸ் தடிப்பு, இது மூணும் வேணும். இதை வச்சுப் பாத்தா டபிள்யூ58ல எத்தனை காசைக் கொட்டினாலும் அது சின்ன பாக்ஸ்தான், மூணாவதா இன்னொண்ணு வாங்கி மாட்டாதீங்க.

நியூட்டன் மீட்டர் ரேட்டிங்னு போடுறாங்களே, அதை அப்படியே நம்பாதீங்க. அது சீரா ஏறுற லோடுக்குச் சொல்ற கணக்கு. 5,000 ஆர்பிஎம்ல கிளட்சைப் பட்டுன்னு விட்டா என்ஜினோட ஃப்ளைவீல் சேத்து வச்சிருக்கிற சக்தி மொத்தமும் ஒரே நொடியில உள்ள போய் அடிக்கும், அந்த அடி ரேட்டிங்கை விட ரொம்பப் பெருசு. உங்க வண்டி வி8 போட்டும் லேசானதுதான், ரோட்டு டயர்ல இருக்கிற வரைக்கும் சக்கரம் சுத்தி வழுக்கிடும், அந்த வழுக்கல்தான் பாக்ஸைக் காப்பாத்துது. டெஸிக்குப் போறப்போ செமி ஸ்லிக் (ரோட்டை நல்லா பிடிக்கிற ரேஸ் டயர்) மாட்டியிருப்பீங்களே? ஸ்ப்ரிங் இல்லாத பக் கிளட்சும் (துண்டு துண்டா பட்டை ஒட்டினது) இருக்கும்னு நினைக்கிறேன். அப்போ அடி வாங்கிக்க வேற யாருமே இல்ல, மூணாவது கியர்தான் வாங்கணும். ஸ்ப்ரிங் வச்ச ஆர்கானிக் டிஸ்க்கோட கொஞ்சம் கெட்டியான பிரஷர் பிளேட் போடுங்க, ரோபோல (டிராஃபிக் சிக்னல்ல) நின்னு கிளம்பும்போதும் வண்டி குதிரை மாதிரி துள்ளாது.

இப்போ மூணு பாக்ஸுக்கு வருவோம்.

ஆர்154. டொயோட்டாவே 7எம் டர்போ சூப்ராலயும் 1ஜேஇசட் டர்போ வண்டிங்கள்லயும் போட்டது. சூப்பர்சார்ஜர் இல்லாத 1யூஇசட்டுக்கு இது தாராளம். இதுக்கும் ரெண்டு வியாதி உண்டு: முதல் கியருக்குப் பின்னாடி இருக்கிற த்ரஸ்ட் வாஷர், அப்புறம் மூணு-நாலு ஷிஃப்ட் ஃபோர்க். த்ரஸ்ட் வாஷர் தேஞ்சா முதல் கியர் பின்னாடி நகர ஆரம்பிக்கும், கெட்டியான ஒரே துண்டு வாஷர் தனியா விக்குறாங்க, பாக்ஸ் வண்டிக்கு அடியில போறதுக்கு முன்னாடியே அதைப் போட்டுடணும். கஷ்டம் என்னன்னா இது எல்லாமே ஜப்பான்லேருந்து வந்த பழைய சரக்கு, வயசானது, கடைக்காரர் "லோ மைலேஜ்"னு சொன்னா சிரிச்சுட்டு டிரெயின் பிளக்கைக் கழட்டச் சொல்லுங்க, காந்தத்துல மாவு மாதிரி ஒட்டியிருந்தா பரவால்ல, ஊசி ஊசியா துண்டு இருந்தா வேண்டாம்னு வந்துடுங்க.

நிஸ்ஸான் 350இசட்டோட ஆறு ஸ்பீடு, எல்லாரும் சிடி009னு சொல்றது. முதல்ல வந்த பாக்ஸ்கள்ல சிங்க்ரோ (கியர் மாத்தும்போது வேகத்தைச் சமமாக்குற வளையம்) தகராறு நிறைய, நம்பரை மாத்தி மாத்தித் திருத்தி கடைசியா 2005 வாக்குல வந்ததுதான் 009, அதனால 350இசட் பாக்ஸ்னு மட்டும் கேட்டு வாங்காம எந்த வருஷத்து வண்டியிலேருந்து கழட்டினதுன்னு கேளுங்க. இந்த மூணுல விலைக்கும் பலத்துக்கும் எனக்குப் பிடிச்சது இதுதான், சூப்பர்சார்ஜர் நிச்சயம்னா யோசிக்கவே வேண்டாம். ஆனா இதுல பெல்ஹவுசிங் (என்ஜினோட சேர்ற, கிளட்சை மூடுற முன் கூடு) தனியா கழராது, கேஸோடயே வார்த்தது, அதை அறுத்துத்தான் அடாப்டர் பிளேட் வைக்கணும், ஒரு தடவை அறுத்தா அறுத்ததுதான். பாக்ஸும் பெருசு, எம்எக்ஸ்-5 டனல்ல (தரையில பாக்ஸ் உக்கார்ற குழிவு) தட்டி வளைக்காம போகாது, கியர் கம்பியும் நீங்க நினைக்கிற இடத்துல வராது. வாங்குறதுக்கு முன்னாடி அளவு எடுத்து அட்டைப்பெட்டில அதே சைஸ்ல ஒண்ணு செஞ்சு உள்ள வச்சுப் பாத்துடுங்க.

கியர் ரேஷியோவையும் பாத்துக்கோங்க, இதுல நிறைய பேரு கோட்டை விடுறாங்க. சிடி009 முதல் கியர் 3.79, ஆர்154 முதல் கியர் 3.25. உங்க டிஃப் (பின் சக்கரங்களுக்கு நடுவுல இருக்கிற டிஃபரென்ஷியல்) ரேஷியோ மாஸ்டாவோட 4.1ஆவே இருந்தா, 205/50 15 இன்ச் டயருக்கு நிஸ்ஸான் பாக்ஸ்ல முதல் கியர் 6,000 ஆர்பிஎம்ல சுமார் 43 கிலோமீட்டர் வேகத்துலயே முடிஞ்சிடும், கிளம்பின உடனே கையை எடுத்து ரெண்டு போடணும், வி8க்கு அது வெட்டி வேலை. ஆர்154ல கிட்டத்தட்ட 50 வரைக்கும் போகும். டிஃப் ரேஷியோவை 3.6க்கு இறக்கினா நிஸ்ஸானும் கிட்டத்தட்ட 49க்கு வந்துடும், ஹைவேல 120ல போறப்போ 3,500 சொச்சத்துல கத்திக்கிட்டு இருந்த என்ஜின் 3,100க்கு அடங்கும். ஆக நிஸ்ஸான் பாக்ஸ் வாங்குறவங்க டிஃப் செலவையும் சேத்துதான் கணக்குப் போடணும்.

மாமா சொன்ன லுமினா. மாமா சொல்றதுல தப்பே இல்ல, அது ஆஸ்திரேலியாவோட ஹோல்டன் கொமடோர் நம்ம தென்னாப்பிரிக்காவுக்கு ஷெவர்லே பேர்ல வந்தது, உள்ள இருக்கிறது ட்ரெமெக் ஆறு ஸ்பீடு, முதல்ல டி56, பின்னால வந்த 6.0 லிட்டர் வண்டியில டிஆர்6060. பலத்துல மூணுலயும் இதுதான் பெரியண்ணன். ஆனா அது அந்த ஷெவி வி8க்காகச் செஞ்சது, லெக்ஸஸ் என்ஜின் பின்னாடி மாட்ட பெல்ஹவுசிங், ஃப்ளைவீல், கிளட்ச்னு ஒவ்வொண்ணும் தனியா செய்யணும், கனமும் அதிகம். ஆறாவது கியர் 0.57, உங்க வண்டியில 3.6 டிஃபோட 120ல சுமார் 2,230 ஆர்பிஎம்தான் காட்டும், ஜோபர்க் போறப்போ வான் ரீனன் பாஸ் ஏத்தத்துல 4 லிட்டர் என்ஜின் அதுல திணறும், கியரைக் குறைச்சுக்கிட்டே இருக்கணும். மாமாவுக்கு அடிபட்ட லுமினா முழு வண்டியா மலிவா கிடைச்சா என்ஜினும் பாக்ஸும் சேத்து எடுங்க, பாக்ஸ் மட்டும்னா வேண்டாம்.

எது போட்டாலும் இந்த ரெண்டு விஷயத்தை வொர்க்‌ஷாப்ல விடாதீங்க. ஒண்ணு, அடாப்டர் பிளேட் வச்ச பெல்ஹவுசிங் நடு மையம் என்ஜினோட கிராங்க் ஷாஃப்ட் மையத்துல நிக்குதான்னு டயல் கேஜ் வச்சுப் பாக்கச் சொல்லுங்க. ஃப்ளைவீல்ல கேஜை ஒட்ட வச்சு, முள்ளை ஹவுசிங் ஓட்டையோட உள் விளிம்புல தொட வச்சு, கிராங்கை ஒரு முழு சுத்து சுத்தினா முள்ளு மொத்தமா ஆடுறது 0.13 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினா இன்புட் ஷாஃப்டை ஒவ்வொரு சுத்துக்கும் சைடுல இழுத்துக்கிட்டே இருக்கும், கியர் கடிக்கும், முன் பேரிங் ஊளையிடும், அப்புறம் "பாக்ஸ் சரியில்ல"னு பாக்ஸைத் திட்டுவோம். உங்க ரெண்டு டபிள்யூ58ம் போனதுக்கு இதுவும் கூட்டுக் களவாணியான்னு எனக்குச் சந்தேகம், கட்டாயம் பாருங்க. ரெண்டாவது, எம்எக்ஸ்-5ல ஒரிஜினல் பாக்ஸையும் டிஃபையும் ஒரு நீள அலுமினியச் சட்டம் இணைச்சுப் பிடிச்சிருக்கும், டிஃப் மூக்கு மேல தூக்காம இருக்கிறதே அதாலதான். வேற பாக்ஸ் போட்டா அது போயிடும், அதுக்குப் பதிலா டிஃப் மூக்கைப் பிடிக்க இப்போ உங்க வண்டியில என்ன இருக்குன்னு அடியில படுத்துப் பாருங்க, ஒரு ரப்பர் மவுண்ட்டும் ரெண்டு போல்ட்டும்தான்னா புது பாக்ஸ் வந்ததும் அடுத்து போறது டிஃப்தான்.

ஆங், 1யூஇசட்ல ஸ்டார்ட்டர் மோட்டார் ரெண்டு சிலிண்டர் வரிசைக்கும் நடுவுல, இன்டேக்குக்கு அடியில ஒளிஞ்சிருக்கும். அடாப்டர் வாங்கும்போது ஸ்டார்ட்டர் பல்லு உங்க ஃப்ளைவீல் ரிங்ல சரியா கடிக்குதான்னு கேட்டுக்கோங்க, சூப்பர்சார்ஜருக்கு இன்டேக்கைக் கழட்டுற அன்னிக்கே ஸ்டார்ட்டரையும் புதுசா போட்டுடுங்க, அப்புறம் கையே போகாது.

கேள்வி: என் மகன் இதே மாதிரி என்ஜின் மாத்தின வண்டியை வாங்கப் போறேன்னு ஒத்தைக் கால்ல நிக்கிறான். பேப்பர்ல எதைப் பாக்கணும்?
(டோங்காட் வாசகி)

பதில்: அம்மா, பதிவுச் சான்றிதழ்ல இருக்கிற என்ஜின் நம்பரும் என்ஜின் மேல அடிச்சிருக்கிற நம்பரும் ஒண்ணான்னு பாருங்க, அதை உங்க கண்ணால பாக்கணும், ஃபோட்டோ அனுப்புறேன்னு சொன்னா ஒத்துக்காதீங்க. என்ஜின் மாத்தினா போலீஸ் கிளியரன்ஸ் எடுத்துப் பதிவுல மாத்தியிருக்கணும், "அது ஈசி, நீங்க வாங்கினப்புறம் பண்ணிக்கலாம்"னு விக்கிறவர் சொன்னா, அவ்வளவு ஈசின்னா நீங்களே பண்ணிட்டு வித்துடுங்கன்னு சொல்லிட்டு வந்துடுங்க. இன்ஷூரன்ஸ்காரருக்கும் என்ஜின் மாத்தினதை எழுத்துல சொல்லணும். கியர்பாக்ஸுக்கு இந்த நம்பர் தொல்லை இல்ல, அதனால பையன் "கியர்பாக்ஸ் மட்டும்தாம்மா மாத்தியிருக்கு"ன்னு சொன்னாலும் பானெட்டைத் திறந்து பாத்துடுங்க.

கேள்வி: ஆர்154க்கு ஜிஎல்-5 ஆயில் ஊத்தலாமா? கடையில அதுதான் இருக்கு.
(ஃபீனிக்ஸ் வாசகர்)

பதில்: ஊத்தாதீங்க. ஜிஎல்-5 டிஃபுக்குச் செஞ்சது, அதுல சேர்க்கிற கந்தக மருந்து நிறைய ஜிஎல்-5 ஆயில்கள்ல பித்தளை சிங்க்ரோவை அரிக்கும், வழுவழுப்பும் அதிகமாகி சிங்க்ரோ பிடிக்காம கியர் கரகரக்கும். ஜிஎல்-4, 75டபிள்யூ-90 கேளுங்க, அந்தக் கடையில இல்லன்னா அடுத்த கடைக்குப் போங்க. டப்பால "ஜிஎல்-4/ஜிஎல்-5"னு ரெண்டும் போட்டிருந்தா, பித்தளைக்குக் கெடுதல் இல்லன்னு அதுலயே அச்சடிச்சிருந்தா மட்டும் வாங்குங்க.