பொது சுகாதாரத்தையும் மருத்துவமனையையும் எப்படி இணைப்பது?

இரண்டுக்கும் தனித்தனி இயக்குநரகம் இருக்கும்போது எந்தக் கொள்கை அவற்றை இணைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் பொது சுகாதாரத் துறையின் கீழும், மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் மருத்துவக் கல்வித் துறையின் கீழும் இருக்கின்றன. இவற்றை ஒரே துறையாக்க வேண்டும் என்பார்கள் சிலர். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, பெயர்ப்பலகைதான் மாறும்.

2022-இல் இங்கே தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தைப் பாருங்கள். நோய் உறுதியானதும் களப்பணியாளரே எடை, உயரம் பார்க்கிறார், விரலில் ஆக்சிஜன் கருவியை மாட்டுகிறார், மூச்சை எண்ணுகிறார், கால் வீக்கத்தைக் கவனிக்கிறார். ரத்தத்தில் ஆக்சிஜன் 94 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலோ, பிடிமானமில்லாமல் நிற்க முடியாவிட்டாலோ நோயாளியைப் படுக்கையுள்ள மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். ரத்தப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருப்பதில்லை. யாரை, எப்போது, எங்கே அனுப்புவது என்பது எழுதிவைத்த விதி. இணைப்பு என்பது இதுதான்.

இந்த இயக்குநரகங்களுக்கு வெளியே இருக்கும் தனியார் துறைக்குச் சட்டம் தேவைப்படுகிறது. 2012 முதல் காசநோயாளி பற்றி அரசுக்குத் தெரிவிப்பது தனியார் மருத்துவர்களுக்கும் கட்டாயம். அறிவித்தால் ஊக்கத்தொகையும் உண்டு.

நோயாளி மருத்துவமனையிலிருந்து ஊருக்குத் திரும்பி வரும் வழிதான் இன்னும் பலவீனம். 2021-இல் வந்த 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோகிறது, நல்லது. ஆனால் பெரிய மருத்துவமனை மாற்றி எழுதிய மருந்து, அந்த வீட்டுக்குப் போகும் தன்னார்வலருக்கு நோயாளி காட்டும் சீட்டு மூலமாக மட்டுமே தெரியக்கூடாது. என்னைக் கேட்டால், வீடு திரும்பும் அன்றே அந்தத் தகவலை ஊர் சுகாதார நிலையத்துக்கு அனுப்புவதை மருத்துவமனையின் கடமையாக்குவதுதான் முதல் வேலை.