வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு வலி மாத்திரை கொடுக்கலாமா?

கேள்வி கேட்டவரின் அப்பா ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கிறார், ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார். முழங்கால் வலியும் அடிக்கடி தலைவலியும் உண்டாம். கடையில் டாக்டர் சீட்டு இல்லாமல் கிடைக்கும் வலி மாத்திரைகளில் எதைக் கொடுக்கலாம் என்பது கேள்வி.

பானடோ (பாரசிட்டமால்) கொடுக்கலாம், அளவோடு. டிஸ்பிரின், கிராண்ட்-பா பொடி (இரண்டிலும் ஆஸ்பிரின்), ப்ரூஃபன், நூரோஃபென் (இரண்டும் ஐபுப்ரோஃபென்), வோல்ட்டரன் (டைக்ளோஃபெனாக்), மைப்ரோடால் எதையும் டாக்டர் சொல்லாமல் கொடுக்காதீர்கள். அவசரத்தில் இருப்பவர்களுக்கு இது போதும். காரணம் தெரிய வேண்டும் என்றால் தொடர்ந்து படியுங்கள்.

நான் டர்பனில் இருக்கிறேன். மாமியாருக்கு இதயத் துடிப்பு சீராக இல்லாததால் வார்ஃபரின் கொடுக்கிறார்கள். மாத்திரை எடுத்துவைப்பதும், ஐ.என்.ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்க்க கிளினிக்குக்குக் கூட்டிப்போவதும் என் பொறுப்பு. நான் டாக்டர் இல்லை. நர்ஸிடமும் மருந்துக்கடைக்காரரிடமும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன்.

காயம் பட்டால் ரத்தம் நிற்பது இரண்டு வேலைகளால். முதலில் ரத்தத்தில் உள்ள தட்டணுக்கள் என்ற சிறு அணுக்கள் ஓடிவந்து ஓட்டையை அடைக்கும். பிறகு ரத்தத்தில் உள்ள உறையவைக்கும் புரதங்கள் அதன்மேல் வலைபோலப் பின்னி இறுக்கும். வார்ஃபரின் இரண்டாவது வேலையைக் குறைக்கிறது. கல்லீரல் வைட்டமின் கே-யைக் கொண்டு அந்தப் புரதங்களைச் செய்வதைத் தடுக்கிறது. ஆஸ்பிரின் கைவைப்பது முதல் வேலையில். இரண்டும் சேர்ந்தால் ரத்தத்தை நிறுத்த ஆள் இல்லை. ஆஸ்பிரின் பட்ட தட்டணு சாகும்வரை பழைய நிலைக்குத் திரும்பாது, அதன் ஆயுளோ 7 முதல் 10 நாள். அதனால் 'நேற்று ஒன்றுதானே போட்டார்' என்று விட முடியாது. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகைகள் தட்டணுவை அவ்வளவு நாள் கட்டிப்போடாது. ஆனால் இரைப்பையின் உள்தோலை அரித்துப் புண்ணாக்கிவிடும், அங்கே கசிந்தால் வெளியே தெரியவும் தெரியாது.

பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. ஐ.என்.ஆர் அளப்பது அந்தப் புரதங்களின் வேலையை மட்டும்தான், தட்டணுவை அது பார்ப்பதே இல்லை. கிளினிக் அட்டையில் 2.5 என்று அழகாக எழுதியிருக்கும், உள்ளே ஆஸ்பிரின் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். 'ஐ.என்.ஆர் சரியாக இருக்கிறது, அப்புறம் என்ன' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இங்கே எனக்கு அதிகம் பயம் கிராண்ட்-பா பொடியைப் பார்த்துத்தான். டர்பனின் சாட்ஸ்வொர்த் பக்கம் எந்த டீ-ரூமிலும் (தெருமுனைச் சிறு கடை) உதிரியாக ஒரு பொட்டலம் வாங்கலாம். பிரித்து, காகிதத்தை மடித்து, நாக்கில் கொட்டி, ஒரு மடக்குத் தண்ணீர். ஆஸ்பிரின், பாரசிட்டமால், காஃபின் மூன்றும் அதில் இருக்கின்றன. ஆனால் வீட்டுப் பெரியவர்கள் அதை மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. 'வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள், மா' என்று நர்ஸ் கேட்டால் 'ஒன்றுமில்லை' என்பார்கள். பொய் இல்லை, அவர்களுக்கு அது பொடி, அவ்வளவுதான். அதனால் 'மருந்து சாப்பிட்டீர்களா' என்று கேட்காமல் 'பொடி போட்டீர்களா' என்றே கேளுங்கள். காவடி முடிந்த மறுநாள் இன்னும் கவனம் வேண்டும். வெறுங்காலோடு நடந்த களைப்பில் எல்லோருக்கும் கால் குடையும், ஆளாளுக்கு கைப்பையிலிருந்து மாத்திரை எடுத்து நீட்டுவார்கள். எல்லாம் அன்பில்தான், ஆனால் அட்டையின் பின்புறத்தைத் திருப்பிப் பார்க்காமல் வாங்கக் கூடாது. முன்னால் இருக்கும் பெயர் எதையும் சொல்லாது. மைப்ரோடாலில் பாரசிட்டமாலும் கோடீனும் இருப்பது சிலருக்குத் தெரியும், கூடவே ஐபுப்ரோஃபெனும் இருப்பது பலருக்குத் தெரியாது.

பானடோவுக்கும் ஒரு எச்சரிக்கை. தலைவலிக்கு ஒன்றிரண்டு போடுவதில் பிரச்சினை இல்லை. ஆனால் தினம் 2 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை நான்கு, அதற்கு மேலும் என்று சில நாள் தொடர்ந்தால் ஐ.என்.ஆர் ஏறலாம். முழங்கால் வலிக்காக அப்படித் தொடர வேண்டியிருந்தால் கிளினிக்கில் முன்பே சொல்லி, தேதிக்குக் காத்திராமல் ரத்தம் பார்த்துவிடுங்கள். தைலமும் அப்படியே. வின்டர்கிரீன் வாசனை வரும் தைலங்களில் ஆஸ்பிரினின் உறவுக்கார மருந்து இருக்கிறது. முதுகு, இரண்டு கால் என்று தினம் தேய்த்தால் தோல் வழியே ரத்தத்தில் சேரும். எங்கள் வீட்டில் முழங்காலுக்கு வெந்நீர்ப் பைதான்.

சிலருக்கு, உதாரணமாக இதயத்தில் ஸ்டென்ட் (ரத்தக்குழாய் அடைபடாமல் வைக்கும் சிறு குழாய்) வைத்தவர்களுக்கு, டாக்டரே வார்ஃபரினோடு சிறு அளவு ஆஸ்பிரினும் எழுதியிருக்கலாம். இதைப் படித்துவிட்டு அதை நீங்களாக நிறுத்தாதீர்கள். வார்ஃபரினுக்குப் பதிலாகக் கொடுக்கும் ரிவராக்ஸபான் போன்ற புது மருந்துகளுக்கு ஐ.என்.ஆர் பார்க்கத் தேவையில்லை, ஆனால் வலி மாத்திரை விஷயத்தில் ஆபத்து அதேதான்.

மலம் தார்போலக் கறுத்தால், சிறுநீர் சிவந்தால், மூக்கில் வரும் ரத்தம் அழுத்திப் பிடித்தும் நிற்காவிட்டால் அன்றே போங்கள். கீழே விழுந்து தலையில் அடிபட்டால், எழுந்து நன்றாகப் பேசினாலும் சரி, உடனே மருத்துவமனை. அரசு ஆம்புலன்ஸுக்கு 10177, கைபேசியிலிருந்து 112. போனை எடுத்தவுடன் முதலில் 'அப்பா வார்ஃபரின் சாப்பிடுகிறார்' என்று சொல்லுங்கள், மற்றதை அதன் பிறகு சொல்லலாம்.