காவலர்கள் மீதான துறை விசாரணை நியாயமாக நடக்கிறதா, வெறும் கண்துடைப்பா?

ஒரே விசாரணை இரண்டு பக்கமும் அநியாயமாக முடிவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். உயர் நீதிமன்றத்தில் சர்வீஸ் வழக்குகள், அதாவது அரசு ஊழியர்களின் பணி தொடர்பான வழக்குகள், நடத்துகிறேன், வீடு தண்டையார்பேட்டை. கொண்டித்தோப்புக் காவலர் குடியிருப்பிலிருந்து கட்டுக் காகிதத்தோடு வருபவர்கள் உண்டு.

டிவியில் அதிரடி என்று ஓடுகிற 'ஆயுதப்படைக்கு மாற்றம்', விசாரணை முடியும்வரை போடுகிற 'சஸ்பெண்ட்' இரண்டும் சட்டப்படி தண்டனையே அல்ல. சஸ்பெண்ட் ஆனவர் பிழைப்பூதியம் என்று சம்பளத்தில் ஒரு பகுதியை வாங்கிக்கொண்டு காத்திருப்பார், அவ்வளவுதான். அசல் விவகாரம் தமிழ்நாட்டுக் காவலர்களுக்கான 1955-ஆம் ஆண்டு ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் இருக்கிறது. 3(ஏ) என்றால் சிறு தண்டனை: மெமோ, விளக்கம், ஆணை. வேலையே போகக்கூடிய குற்றச்சாட்டு 3(பி); அதில் சாட்சிகளை நேரில் வைத்து விசாரித்தாக வேண்டும்.

அந்த 3(பி) கோப்புகளில் சாட்சியம் முடிகிற இடத்தைப் பாருங்கள். 'குறுக்கு விசாரணை இல்லை' என்று ஒரு வரி, கீழே காவலரின் கையெழுத்து. பக்கத்துக்குப் பக்கம் இதேதான். பந்தோபஸ்துக்கு வரவில்லை என்று குற்றம் சாட்டப்பட்ட ஒருவரிடம், ஏன் ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை என்றேன். "சாட்சியே இன்ஸ்பெக்டர் ஐயா. அவரை நான் எப்படி சார் கேள்வி கேட்பது?" என்றார். விசாரணை அதிகாரியோ, குற்றச்சாட்டு மெமோ கொடுத்த அதிகாரிக்குக் கீழே வேலை பார்ப்பவர்.

பொதுமக்கள் புகாரில் இதே அறை தலைகீழாக வேலை செய்யும். மாமூல் கேட்டு அடித்தார்கள் என்று புகார் எழுதிய கொருக்குப்பேட்டைத் தள்ளுவண்டிக்காரருக்குச் சம்மன் கொண்டுபோவது அதே ஸ்டேஷன் காவலர். உள்ளே போனால் அடித்தவர் சீருடையில் எதிரே நிற்கிறார். நாளைக்கும் அதே தெருவில்தானே வண்டி தள்ள வேண்டும்? "ஆள் அடையாளம் தெரியவில்லை ஐயா" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார்.

அதையும் மீறித் தண்டனை வந்தால் எங்கள் முறை. விசாரணை அறிக்கையின் நகலைத் தண்டிப்பதற்கு முன்பே கொடுக்க வேண்டும் என்று 1993-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. இன்னமும் அதைக் கொடுக்காமல் ஆணை போடுகிறார்கள். அந்தக் குறையைக் காட்டியே ஆணையை எதிர்க்கலாம் என்பதால், உண்மையிலேயே தப்பு செய்தவருக்கு அது யோகம். அப்படிச் சிலருக்கு நானே தடையாணை வாங்கிக் கொடுத்திருக்கிறேன், தொழில்.

கிரிமினல் கோர்ட்டில் விடுதலையானால் வேலை திரும்பிவிடும் என்று நம்புகிறவர்களும் உண்டு. தென்காசி பஸ் நிலையத்தில் ஒரு பெண்ணிடம் தவறாக நடந்துகொண்டதாக டிஸ்மிஸ் ஆன காவலர், சாட்சிகள் பிறழ்ந்ததால் விடுதலையானார். ஆனாலும் டிஸ்மிஸ் செல்லும் என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. துறை விசாரணைக்கு சந்தேகத்துக்கு இடமில்லாத நிரூபணம் தேவையில்லை. நடந்திருக்கத்தான் அதிக வாய்ப்பு என்று சாட்சியம் காட்டினால் போதும். ஆகவே அந்தச் சாட்சியம் எப்படிப் பதிவாகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

விசாரணை அதிகாரியை வேறு மாவட்டத்திலிருந்து போடட்டும், சம்மனைத் தபாலில் அனுப்பட்டும் என்பேன். நீங்கள் புகார்தாரராகப் போவதாக இருந்தால், தட்டச்சு செய்த வாக்குமூலத்தை முழுக்கப் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அவசரம் என்பார்கள், உட்கார்ந்து படியுங்கள்.