ரீஃப் தொட்டியில் (பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி) மணல் மேல் பழுப்புச் சளி படர்கிறது, தண்ணீர் மாற்ற மாற்ற அதிகமாகிறது. என்ன செய்வது?

முதலில் தண்ணீர் மாற்றுவதை நிறுத்துங்கள். கிண்டல் இல்லை, நிஜமாகத்தான் சொல்கிறேன்.

நைட்ரேட் 0, பாஸ்பேட் 0, விளக்கணைத்தால் பாதி மறைந்துவிடுகிறது, மதியத்துக்குள் நுனியில் குமிழியோடு நூல் நூலாகத் திரும்பி வருகிறது, நத்தைகள் கவிழ்ந்து கிடக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் அப்படியே நடந்தது. சிங்கப்பூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் 200 லிட்டர் தொட்டி, எட்டு மாதம் ஆகியிருந்தது. பாசி ஒரு பொட்டுகூட வரக்கூடாது என்று பாஸ்பேட்டை உறிஞ்சும் ஜி.எஃப்.ஓ. துகளைப் போட்டு, கழிவை நுரையாக்கி வெளியேற்றும் ஸ்கிம்மரை முழு வேகத்தில் ஓடவிட்டு, மீன்களையும் அரைப்பட்டினி போட்டு வைத்திருந்தேன். பளிங்கு மாதிரி தண்ணீர். கடைக்காரர் இது "சயனோ", அதாவது நீலப்பச்சைப் பாக்டீரியா என்று சொல்லி ஒரு மருந்தைக் கொடுத்தார், போட்டேன், சளி இரண்டு மடங்கானது.

அப்புறம்தான் மகளின் பள்ளி மைக்ராஸ்கோப்பைக் கடன் வாங்கினேன். சளியில் ஒரு சொட்டு எடுத்து 100 மடங்கில் பார்த்தால், துளி வடிவத்தில் பழுப்பாக ஏதோ ஒன்று, முளையில் கட்டிய கன்றுக்குட்டி மாதிரி நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றி வருகிறது. ஆஸ்ட்ரியாப்சிஸ். டைனோஃப்ளாஜெல்லேட் என்கிற ஒற்றைச் செல் உயிரில் ஒரு வகை, சுருக்கமாக டைனோ. சயனோ என்றால் இழை இழையாக இருக்கும், தொட்டியிலும் தோல் உரிகிற மாதிரி தாளாக உரிந்து வரும். டயட்டம் என்கிற நுண்பாசி என்றால் கண்ணாடிப் பெட்டி மாதிரி தெரியும், அது பெரும்பாலும் புதுத் தொட்டிச் சமாச்சாரம், தானே அடங்கிவிடும். இந்த மூன்றையும் வெறும் கண்ணால் பிரிக்கப் பார்த்துத்தான் நான் ஒரு மாதத்தை வீணாக்கினேன். எனவே பார்க்காமல் எந்த மருந்தையும் ஊற்றாதீர்கள். இன்னொன்று, பவளத்துக்குள் இருந்து அதற்குச் சோறு போடுகிற ஸூக்சாந்தெல்லா என்கிற நுண்பாசியும் டைனோவுக்குப் பங்காளிதான். ஒன்றை அடிக்கிற மருந்து மற்றதை விட்டுவைக்கும் என்று என்ன நிச்சயம்?

டைனோ என்று உறுதியானால் தொட்டியைக் கொஞ்சம் "அழுக்கு" ஆக்க வேண்டும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அடிமட்டத்துக்குப் போனால் போட்டிக்கு இருக்கிற மற்ற பாசியும் பாக்டீரியாவும் பட்டினியில் சுருங்கும், காலியான இடத்தில் டைனோ குடியேறும். தண்ணீரை மாற்றினால் மிச்சமிருக்கிற கொஞ்சமும் போய்விடும். ஜி.எஃப்.ஓ.வைக் கழற்றுங்கள், மீனுக்கு வயிறார உணவு போடுங்கள், அது போதாவிட்டால் ரீஃப் தொட்டிக்கென்றே விற்கிற நைட்ரேட், பாஸ்பேட் கரைசலைச் சிறுகச் சிறுக ஊற்றுங்கள். நைட்ரேட் 5 முதல் 10 பி.பி.எம்., பாஸ்பேட் 0.05 முதல் 0.1 வரை போதும். பாஸ்பேட்டைத் தினமும் சோதியுங்கள், ஏனென்றால் காய்ந்த பாறை வைத்துத் தொடங்கிய தொட்டியில் பாறையே அதை உறிஞ்சிவிடும். காலையில் ஊற்றியது மறுநாள் காலையில் இருக்காது. எனக்குப் பத்து நாள் அப்படித்தான் போனது.

ஆஸ்ட்ரியாப்சிஸுக்கு, ஓடும் தண்ணீரில் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சுகிற யு.வி. விளக்கு நன்றாக வேலை செய்யும். இரவில் இந்த டைனோ மணலை விட்டுத் தண்ணீரில் மிதக்கும், அப்போது மாட்டும். யு.வி.யைச் சம்ப்பில் (வடிகட்டும் துணைத் தொட்டி) வைக்காமல் தொட்டித் தண்ணீரையே இழுத்துத் தொட்டிக்கே விடுகிற மாதிரி, மெதுவான ஓட்டத்தில் வையுங்கள். மூன்று நாள் தொட்டிக்கு மேலே இருக்கும் வெளிச்ச விளக்கையும் அணைத்து வைத்தேன், நான்காம் நாள் கண்ணாடியில் ஒரு நூல்கூட இல்லை. ஆனால் மைக்ராஸ்கோப்பில் முட்டை வடிவமாக, கேரம் காய் வழுக்குவது மாதிரி நகர்ந்தால் அது ஆம்ஃபிடினியம் என்கிற வேறொரு டைனோ. அதில் பெரிய செல் வகை மணலை விட்டு மேலே வராது, யு.வி.க்குக் காசு தண்டம். அதற்குச் சிலிக்கேட் ஊற்றி டயட்டத்தை வளர்த்துப் போட்டிக்கு விடுவார்கள். நான் செய்து பார்த்ததில்லை, செய்தவர்கள் பொறுமை வேண்டும் என்கிறார்கள்.

சளியை உறிஞ்சி எடுக்கும்போது கையுறை போடுங்கள், குழாயை வாயால் இழுக்கவே வேண்டாம். 2005இல் இத்தாலியின் ஜெனோவா கடற்கரையில் இந்த ஆஸ்ட்ரியாப்சிஸ் பெருகி, காற்றில் வந்த திவலையை மூச்சில் இழுத்தே சுமார் 200 பேர் காய்ச்சல், இருமல் என்று சிகிச்சைக்குப் போனார்கள். வீட்டுத் தொட்டி அந்த அளவுக்குப் போகாது, ஆனாலும் நத்தையைக் கொல்கிற சரக்கு அதில் இருக்கிறது.

எனக்கு எல்லாம் அடங்க ஆறு வாரம் ஆனது. நடுவில் கண்ணாடியில் பச்சைப் பாசி வந்தது, பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டேன். புது நத்தை வாங்குவதை மட்டும் கடைசிவரை தள்ளிப் போடுங்கள். நான் மூன்றாம் வாரமே அவசரப்பட்டு வாங்கிய ஆறு டர்போ நத்தைகளும் ஞாயிற்றுக்கிழமைக்குள் போய்ச் சேர்ந்தன.